சிலேட்டு வாசித்த குமாஸ்தா

எங்கள் வக்கீல் ஆபீசில் நாங்கள் நான்கு பேர், நாற்காலிகள் ஐந்து. ஐந்தாவது, கட்சிக்காரருக்கு. இரண்டு கட்சிக்காரர்கள் சேர்ந்து வந்துவிட்டால் எங்களில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். டைப் அடிக்கிறவன் நின்றுகொண்டு அடிக்க முடியாது என்பதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. இன்னும் ஒரு முக்காலி வாங்கினால் போதும். நான் அங்கே இருந்த வரை அது வாங்கப்படவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகர் பஜாருக்குப் பின்னால், ஒரு வத்தல் மண்டியின் மாடியில் ஆபீஸ். கீழே மூட்டை பிரித்தால் மேலே நான்கு பேரும் தும்முவோம். மிளகாய் நெடி ஏறிய தாளில் கார்பன் சரியாகப் பதியாது என்று எனக்கு ஒரு எண்ணம். யாரும் நம்பவில்லை. ஆனால் நான்காவது பிரதி எப்போதும் மங்கலாகத்தான் வந்தது.

பெரிய வக்கீலுக்கு அப்போது ஐம்பது வயதுக்குள். நடந்துகொண்டேதான் டிக்டேட் செய்வார். ஜன்னலிலிருந்து அலமாரி வரை, அலமாரியிலிருந்து ஜன்னல் வரை. குரல் என்றால் அப்படி ஒரு குரல். கீழே மூட்டை தூக்குகிறவர்கள், எந்த வழக்கு எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை எனக்கு முன்னால் தெரிந்துவைத்திருப்பார்கள். வண்டிப்பாதை, வாய்க்கால், வரப்பு வழக்குகளில் அவர் எழுந்து நின்றாலே எதிர்க்கட்சி வக்கீல் தன் காகிதங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

குமாஸ்தா அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முன்பு இருந்த ஒரு பழைய வக்கீல் தொழிலை விட்டபோது, அவருடைய இரண்டு அலமாரிகளும் சட்டப் புத்தகங்களும் எங்கள் ஆபீசுக்கு வந்தன. அவற்றோடு குமாஸ்தாவும் வந்தார். பெரிய வக்கீல் அவரை 'அண்ணாச்சி' என்பார். அவர் பெரிய வக்கீலை 'ஐயா' என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வழக்குக் கட்டைக் கட்டுகிற நாடா முடிச்சு இடப்பக்கம் வரவேண்டுமா வலப்பக்கம் வரவேண்டுமா என்பதில் இருவருக்கும் தினம் சண்டை.

மூன்றாவது ஆள் சின்ன வக்கீல். சட்டம் நன்றாகத் தெரியும். கோர்ட்டில் எழுந்தால் மட்டும், அவருக்குப் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி பேசுவார். அதனால் பெரியவர் அவரை வாய்தா கேட்பதற்கு மட்டும்தான் அனுப்புவார். மண்டியில் அவருக்கு 'வாய்தா வக்கீலு' என்று பெயர். அது அவர் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மாடி ஏறுவார். நான்காவது, மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த நான்.

பெரியவரின் தொண்டை முதலில் கம்மியது. வத்தல் நெடிதான் காரணம் என்றேன் நான். குமாஸ்தா பனங்கற்கண்டும் மிளகும் கொண்டுவந்தார். சின்ன வக்கீல் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. குரல்நாணில் ஒரு கட்டி இருந்தது. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆனால் புண் ஆறும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பேசாமல் ஒரு வக்கீல் ஆபீஸ் எப்படி நடக்கும்? குமாஸ்தா பஜாருக்குப் போய் ஒரு சிலேட்டு வாங்கிவந்தார். பிள்ளைகள் எண்ணிப் பழகுவதற்காக மேல் சட்டத்தில் மணி கோத்தது. பத்து மணி இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான் இருந்தது. கடைக்காரரிடம் மாற்றிவரச் சொன்னேன். "நாம என்ன கணக்கா போடப் போறோம்?" என்று குமாஸ்தா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஆபீஸ் இப்படி நடந்தது. பெரியவர் எழுதுவார். குமாஸ்தா அவர் தோளுக்குப் பின்னால் நின்று, குச்சி நின்றதும் உரக்க வாசிப்பார். மண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே, அதனால் கத்தித்தான் வாசிப்பார். கொஞ்ச நாளில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. குச்சிச் சத்தம் நின்றால் இவர் வாய் தானாகத் திறக்கும். ஒருநாள் பெரியவர், 'அண்ணாச்சி, கொஞ்ச நேரம் சும்மா இருங்க' என்று எழுதினார். இவர், "அண்ணாச்சியைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்றாக" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, அதன்பிறகு சும்மா இருந்தார்.

எழுதியதை எழுதியபடி எப்போதும் வாசித்தார் என்று சொல்ல முடியாது. திருத்தங்கலிலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்து நீளமாக ஒரு கதை சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, 'இவன் சொல்றது அம்புட்டும் பொய்' என்று எழுதினார். குமாஸ்தா சிலேட்டைப் பார்த்தார், கட்சிக்காரரைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வெவரம் வேணும்ங்கிறாக ஐயா" என்றார். பெரியவர் சிலேட்டை மேஜையில் தட்டினார். "அதையும் சீக்கிரமாச் சொல்லணுமாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் நாட்கள் போயின. புண் ஆறியது. மதுரை டாக்டர் பேசிப் பார்க்கலாம் என்றார். பெரியவர் அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் மாடிப்படியில் ஏறும்போது அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு பிராதின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வந்தது. குரல் வரவில்லை. ஓலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நான் நின்ற இடத்துக்கே அது வார்த்தையாக வந்து சேரவில்லை. அந்த வரியை எத்தனையோ தடவை டைப் அடித்திருந்ததால், உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இனி இவ்வளவுதான் என்று பிறகு டாக்டரும் சொல்லிவிட்டார்.

அவர் சிலேட்டை எடுத்து, 'கட்டுகளைக் கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்' என்று எழுதினார்.

குமாஸ்தா அதை வாசிக்கவில்லை. நானும் சின்ன வக்கீலும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சிலர் தாங்களாகவே வந்து கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வழக்கு என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அதை ஊமையாக ஒருவர் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? நூற்றுப் பதினேழு கட்டுகள் இருந்த அலமாரியில் எழுபத்து நான்கு ஆயின, பிறகு ஐம்பத்தொன்பது. தினம் வந்ததும் எண்ணுவேன். எண்ணாமல் இருந்தால் டைப் அடிக்கக் கை ஓடாது. சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், ஒரு லித்தோ அச்சகத்திலும் கேட்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். சின்ன வக்கீலை மதுரையில் ஒரு பெரிய ஆபீசில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு, "பஸ்ஸு ஒத்துக்காதுண்ணே" என்றார். என்னைவிட அவர்தான் வயதில் மூத்தவர். பயம் வந்தால் எல்லோரையும் 'அண்ணே' என்பார்.

போகாமல் இருந்த கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்ப பெரியவர் முயன்றுகொண்டே இருந்தார். 'வேறு வக்கீல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று எழுதுவார். குமாஸ்தா, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாக" என்று வாசிப்பார். பெரியவரால் கத்த முடியாது. சிலேட்டால் மேஜையை அடிப்பார். "ஒடஞ்சா வேற வாங்கணும்யா" என்பார் இவர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்சிக்காரர் வந்து நிற்பார்.

தாயில்பட்டிக்காரர் ஒருவர் மட்டும், என்ன எழுதியிருக்கிறது என்று தானே கேட்டுத் தெரிந்துகொண்டார். விவசாயம் பார்க்கிற சம்சாரி. ஊருக்குக் கிழக்கே அவருக்குக் கிணற்றோடு மூன்று ஏக்கர் பருத்தி. சுற்றியிருந்த நிலத்தை ஒரு வெடிக் கம்பெனி வாங்கி ஷெட்டுகள் போட்டு, அவர் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டது. பாதை திறக்காவிட்டால் எடுக்கிற பருத்தியைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். சொந்தக்காரர்கள் அவரிடம் வக்கீலை மாற்றச் சொன்னார்களாம். பெரியவரின் முன்னால் வந்து நின்று சொன்னார்:

"ஐயாவுக்குத் தொண்டைதான போச்சு, மண்டை போகலைல்ல? கட்டு இங்கனயே இருக்கட்டும்."

அந்த வழக்கு வாதத்துக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே நிறைய வாய்தா வாங்கியாயிற்று. இனிமேல் கிடையாது என்று முன்சீப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவர் சிலேட்டில் 'தம்பி பேசட்டும்' என்று எழுதினார். சின்ன வக்கீல் அதை மூன்று தடவை படித்தார். கீழே இன்னொரு வரி இருந்தது: 'இதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். கவுன் போட மாட்டேன். பார்க்க மட்டும் வருவேன்.'

அன்றைக்குச் சாத்தூர் கோர்ட்டுக்குப் போகும்போது அவர் வெள்ளைச் சட்டை, வேட்டி. எழுத்து மூலமான வாதத்தை நான் டைப் அடித்து வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு திருத்தம் இருந்ததால் நானும் கூடப் போனேன். நான்காவது பிரதி மங்கல் என்று கவலைப்பட்டுக்கொண்டே போனேன். பெரியவர் வக்கீல்களின் நாற்காலிகளைத் தாண்டி, கட்சிக்காரர்கள் உட்காருகிற முதல் பெஞ்சில், தாயில்பட்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் சிலேட்டு. அவருக்கும் சின்ன வக்கீலுக்கும் நடுவில், புத்தகம் எடுத்துக் கொடுக்கிற தன் இடத்தில் குமாஸ்தா நின்றார். கோர்ட்டில் குமாஸ்தா புத்தகம் எடுத்துக் கொடுக்கலாம். கட்டைப் பிரித்துக் காட்டலாம். வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவருடைய குமாஸ்தா கார்டுக்கே ஆபத்து. இத்தனை வருஷத்தில் அவர் அங்கே இருமிக்கூட நான் கேட்டதில்லை.

சின்ன வக்கீல் எழுந்தார். ஆரம்பித்தார். நல்ல வாதம். ஒவ்வொரு வரியும் நான் டைப் அடித்தது. எனக்கே புரியவில்லை, அவ்வளவு வேகம். முன்சீப் பேனாவால் குறிப்பு எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை பேனா நின்றது. பிறகு எழுதினார். மறுபடி நின்றது. அப்புறம் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தாயில்பட்டிக்காரர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார்.

பெஞ்சில் சிலேட்டுக் குச்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் எழுதி, குமாஸ்தாவின் பக்கம் தூக்கிக் காட்டினார். வாங்கிச் சின்ன வக்கீலிடம் காட்டட்டும் என்பதுதான் அவர் எண்ணம். வேறு என்னவாக இருக்க முடியும்?

குச்சி நின்றது. குமாஸ்தாவின் வாய் திறந்தது.

"ரயிலுக்கா போறோம், மெதுவாப் பேசச் சொல்றாக. அங்கன எழுதணும்ல, பாக்கச் சொல்றாக."

மண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரலில் வாசித்தார். அந்தக் கோர்ட்டில் மண்டிச் சத்தம் இல்லை.

சின்ன வக்கீல் நடுவாக்கியத்தில் நின்றார். மேலே இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஓடிய ஒன்றின் சத்தம் மட்டும் கேட்டது. குமாஸ்தாவுக்கு, தான் செய்தது என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. கையிலிருந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, என் நண்பர் தரப்பில் மொத்தம் எத்தனை பேர் வாதாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நல்லது, என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாகக் குமாஸ்தாவைப் பார்த்து, "யார் நீங்கள்?" என்று தமிழில் கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

பெரியவர் எழுந்தார். சிலேட்டைப் பெஞ்சில் வைத்தார். வைத்தபோது தாயில்பட்டிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார், கீழே விழுந்துவிடக் கூடாது என்று. பெரியவர் எழுதப் போவதில்லை, பேசப் போகிறார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. வழக்கமாகச் 'சத்தம் போடாதே' என்று சத்தம் போடுகிற டவாலிகூட வாயை மூடிக்கொண்டு நின்றார். பெஞ்ச் கிளார்க் தாளைத் திருப்பாமல் கையில் பிடித்தபடி இருந்தார்.

"வாசித்தது அவர். சொன்னது நான்," என்றார். அந்த ஓலைச் சத்தம்தான். "தவறு என்னுடையது."

நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். அங்கே எனக்குக் கேட்டது. அந்த ஹாலில் எழுபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

முன்சீப் அவரைப் பார்த்து, "கேட்டது," என்றார். பிறகு, "வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

பெரியவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். குமாஸ்தா குனிந்து புத்தகப் பையைத் திறந்தார். அடியிலிருந்து கறுப்புக் கோட்டும், கழுத்துப் பட்டையும், கவுனும் ஒவ்வொன்றாக வந்தன. பெரியவர் அவற்றைப் பார்த்த பார்வையில், சிலேட்டு கையில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போய்ப் போட்டுக்கொண்டு வர முன்சீப் அனுமதி கொடுத்தார். அவர் வந்து சின்ன வக்கீலின் பக்கத்து நாற்காலியில் உட்காரும்வரை பேனாவை எடுக்கவில்லை.

"இனிமேல் நீங்கள் எதையும் வாசிக்க வேண்டாம்," என்றார் குமாஸ்தாவிடம். குமாஸ்தா கும்பிட்டார். "நீங்கள்," என்றார் சின்ன வக்கீலிடம், "அவர் சொன்னபடி செய்யுங்கள். நான் எழுதியாக வேண்டும்."

சின்ன வக்கீல் முதலிலிருந்து ஆரம்பித்தார். வேகம் கூடும்போதெல்லாம் பெரியவரின் விரல் அவருடைய கவுன் கையை லேசாகத் தொடும். பேச்சு உடனே தணியும். பதினோரு தடவை தொட்டார். கடைசியில் வெகு நேரம் தொடவே இல்லை. எதிர்க்கட்சி வக்கீல் கண்ணைத் திறந்துகொண்டார். தன் காகிதங்களைப் புரட்டினார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நான்கு பேரும் நின்றோம். குமாஸ்தா எங்கள் யாரையும் பார்க்காமல், விருதுநகர் பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பெரியவர் அவர் பக்கத்தில் போய், காதருகே, "கவுனை யார் எடுத்துட்டு வரச் சொன்னா?" என்றார்.

"பொட்டிக்குள்ளயே கெடந்தா பூச்சி அரிச்சிரும். கொஞ்சம் வெயில் படட்டும்னு கொண்டாந்தேன்."

"கோர்ட்டுக்குள்ள என்ன வெயில் அண்ணாச்சி?"

"வார வழியில பட்டுச்சுல்ல," என்றார் குமாஸ்தா. சின்ன வக்கீல் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

தாயில்பட்டிக்காரருக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தது. ஒரு பாரவண்டி போகிற அகலத்துக்குச் சுவரை இடித்துப் பாதை விடவேண்டும் என்று உத்தரவு. அந்த வருஷத்துப் பருத்தி வண்டியில் வந்தது. கம்பெனிக்காரர்கள் அப்பீல் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், போகவில்லை.

கோர்ட்டுக்குப் போய்வந்த அடுத்த வாரம், ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு புதுக் கட்சிக்காரர் வந்தார். வாய்க்கால் தகராறு. கட்சிக்காரர் நாற்காலியில் அவரும், என் நாற்காலியில் அவருடைய தம்பியும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் நின்றேன். வேண்டாம், வேறு ஆள் பார்க்கட்டும் என்று பெரியவர் எழுதுவார், குமாஸ்தா வேறு ஏதாவது வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் சிலேட்டைத் தொடவில்லை. வாய்க்கால் எங்கே ஆரம்பிக்கிறது, யார் யார் மடை, எல்லாவற்றையும் கேட்டார். கேட்பதற்கு நாற்காலியைக் கட்சிக்காரர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கட்சிக்காரரும் முன்னால் சாய்ந்தார். இருவர் தலையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் குமாஸ்தாவிடம் கேட்டார், "கோர்ட்டுல ஐயாதான நிப்பாக?"

குமாஸ்தா பதில் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"நிப்பேன்," என்றார். பிறகு சின்ன வக்கீலைக் காட்டி, "பேசுறது இவுக."

கட்சிக்காரரின் தம்பியை எழுப்பி என் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பெரியவர் நடக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஒரு வரி சொல்வார், நிறுத்துவார். நான் அடிப்பேன். நான் அடித்து முடிக்கும்வரை அடுத்த வரியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், ஏனென்றால் என் மெஷின் சத்தத்தில் அவர் குரல் கேட்காது. முன்பெல்லாம் அவர் வேகத்துக்கு என் விரல்கள் ஓடித் தேய்ந்திருக்கின்றன. இப்போது அவர் எனக்காக நின்று நின்று வந்தார். கீழே மூட்டை பிரிக்கிற சத்தம் பெரிதாக வந்தபோது குமாஸ்தா படியிறங்கிப் போய், ஐயா பிராது சொல்லிக்கொண்டிருக்கிறார், மெதுவாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். போட்டார்கள். என்ன வழக்கு என்று கேட்டார்களாம், அவர் சொல்லவில்லையாம்.

பிராது முடிந்ததும் வக்காலத்து. இரண்டு வக்கீல் பெயர்களையும் போடச் சொன்னார். எந்தப் பெயர் முதலில் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்காமல் அடித்துவிட்டுத் தாளை வீணாக்க எனக்கு மனசில்லை. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். சின்ன வக்கீலும் பார்த்தார். தலையை வேண்டாம் என்று ஆட்டினார், பெரியவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

பெரியவர் என் காதருகே குனிந்து, சின்ன வக்கீலின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.